புக்கிட் தீமா காட்டில் ரோந்து போவது எப்படி

நான் சிங்கப்பூரில் ஒரு பாதுகாவல் அதிகாரி. அப்பர் புக்கிட் தீமா சாலைப் பக்கம் ஒரு கொண்டோமினியத்தில், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில், இரவு வேலை. மாலை ஏழு மணிக்கு ஏறினால் காலை ஏழு மணிக்குத்தான் இறக்கம். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஆறு ரோந்து. அதே கார் நிறுத்துமிடம், அதே நீச்சல்குளம், அதே குப்பை அறை, அதே பின்வாசல். ஒவ்வொரு புள்ளியிலும் நின்று கைக்கருவியைத் தட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். இப்படி ராத்திரி முழுக்க நடந்தவன், விடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் காட்டுக்கு நடக்கப் போகிறான் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். என் மனைவிக்கு இன்னும் வருகிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால் பலதுறை மருந்தகத்தில் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டரம்மா, “தினமும் நடங்கள்” என்றார். “ராத்திரி பூரா நடக்கிறேனே” என்றேன். “அது நடையில்லை, நிற்பது” என்றார். அப்படித்தான் வேலையிடத்திலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவில் இருந்தும் நான் எட்டிப் பார்க்காத புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதிக்குள் போனேன். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் போகிறேன். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் என்று பலரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் இடத்தின் அளவு மனத்தில் பதிய வேண்டும். பரப்பு 163 ஹெக்டேர். உச்சி 163.63 மீட்டர், சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த உயரமான இடம் இதுதான். இரண்டு எண்ணும் ஒத்துப்போனது தற்செயல், நினைவில் வைக்க வசதி. டக்ஸ்டனில் நிற்கும் ஐம்பது மாடி வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கட்டடம் 156 மீட்டர். ஆக, மலை என்று சொல்லிக்கொண்டாலும் ஓர் அடுக்குமாடியைக் கொஞ்சம் தாண்டுகிற குன்று. அதுவும் கடல் மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு. நாம் ஏறத் தொடங்கும் இடமே மேட்டில் இருப்பதால் கால் ஏறுவது அதைவிடக் குறைவு. மலாய் மொழியில் தீமா என்றால் வெள்ளீயம். ஆனால் குன்று முழுக்கக் கருங்கல்தான். தெமாக் என்ற மரத்தின் பெயர் திரிந்து தீமா ஆனது என்று ஒரு விளக்கம் உண்டு, அதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு விதமான தப்பு நடக்கிறது. சிலர் ‘இது ஒரு மலையா’ என்று செருப்போடு வந்து, முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி நிற்பார்கள். வேறு சிலர் விடுவிடுவென்று உச்சிக்குப் போய், 163.63 என்று பொறித்த பாறையோடு படம் எடுத்துக்கொண்டு, “அவ்வளவுதானா?” என்று இறங்கிவிடுவார்கள். உச்சியில் பெரிய காட்சியெல்லாம் கிடையாது, சுற்றிலும் மரம் மறைக்கும். உச்சிக்காக மட்டும் வருவதாக இருந்தால் வர வேண்டாம் என்றே சொல்வேன்.

வழி சுலபம். லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதையில் புக்கிட் பாஞ்சாங் பக்கம் போகும் ரயிலில் ஏறினால், மாறாமல் ஏழாவது நிறுத்தம் பியூட்டி வேர்ல்ட். அங்கிருந்து அப்பர் புக்கிட் தீமா சாலையை ஒட்டி நடந்து, ஹிண்டீட் டிரைவ் என்ற சின்னச் சாலைக்குள் திரும்ப வேண்டும். அதன் முடிவில் வருகையாளர் நிலையம். காரில் வந்தால் சனி, ஞாயிறு காலையில் இடம் கிடைப்பது சிரமம். நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை திறந்திருக்கும். சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் விடியும், ஏழு மணி வாக்கில்தான் பொழுது சாயும். ஆனால் காட்டுக்குள் அந்தக் கணக்கு செல்லாது. இலைக்கூரைக்குக் கீழே ஆறரைக்கே கண் தடுமாறும். மாலையில் போகிறவர்கள் ஐந்தரைக்கு மேல் ஏறத் தொடங்காதீர்கள்.

கழிப்பறை, தண்ணீர் எல்லாம் வருகையாளர் நிலையத்தோடு சரி. மேலே கடை கிடையாது. எல்லாவற்றையும் கீழேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

கொண்டுபோக வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் நான் பிடிவாதக்காரன். ஆளுக்குக் குறைந்தது அரை லிட்டர் தண்ணீர், வெயில் நேரமென்றால் ஒரு லிட்டர். இங்கே தூரம் களைப்பைத் தராது, புழுக்கம்தான் தரும். வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும். காலணி அடியில் வரி தேயாததாக இருக்க வேண்டும். விலை உயர்ந்த மலையேற்றக் காலணி தேவையில்லை, முஸ்தஃபா கடையில் வாங்கிய சாதாரண ஓட்டக் காலணியில்தான் நான் போகிறேன். வேலைக்குப் போடும் கறுப்புக் காலணியில் ஒருமுறை போய், ஈரப் படியில் உட்கார்ந்த நிலையில் நான்கு படி இறங்கிய கதையைப் பிறகு சொல்கிறேன். மெல்லிய முழுக்கால் சட்டை, கொசு மருந்து, ஒரு சின்னத் துண்டு. பை என்றால் ஜிப் வைத்த முதுகுப்பை. பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. காரணம் குரங்கு. அதற்குத் தனியாக வருகிறேன்.

சாப்பிடாமல் ஏறாதீர்கள். இரவு வேலை முடிந்து வருகிறவர்களுக்கும், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கும் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒருநாள் மாத்திரையைப் போட்டுவிட்டு, இறங்கி வந்து பரோட்டா சாப்பிடலாம் என்று வெறும் வயிற்றோடு ஏறினேன். பாதிப் படியில் கை நடுங்கி, கண்ணுக்கு முன்னால் பச்சையெல்லாம் வெள்ளையாகப் போனது. பின்னால் வந்த ஒரு சீன ஆன்ட்டி தோளைப் பிடித்து, “அங்கிள், சிட், சிட்” என்று உட்கார வைத்து, இடுப்புப் பையிலிருந்து இரண்டு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். கால்மணி நேரம் பக்கத்திலேயே நின்றார். அன்றிலிருந்து என் சட்டைப் பையில் நான்கு மிட்டாய் நிரந்தரம். எனக்கு இதுவரை திரும்பத் தேவைப்படவில்லை, இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். உட்கார்ந்தும் சரியாகவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

சரி, எந்தப் பாதை?

முதல் தடவை வருகிறவர்களை, அதுவும் வயதானவர்களும் பிள்ளைகளும் இருந்தால், நான் குன்றில் ஏற்றுவதே இல்லை. பக்கத்திலேயே ஹிண்டீட் இயற்கைப் பூங்கா இருக்கிறது. பழைய கருங்கல் சுரங்கம் ஒன்றில் தண்ணீர் நிறைந்து குளமாகிவிட்டது. சுற்றிலும் செங்குத்தான கல் சுவர். அதைப் பார்க்கும் இடம் வரைக்கும் மெதுவாக நடந்தால்கூடப் பதினைந்து நிமிடத்துக்குள் போய்விடலாம். மூன்று வயதுப் பிள்ளையும் எழுபது வயது மூட்டும் சேர்ந்து தாங்கும் தூரம். பிடித்திருந்தால் இன்னொரு நாள் மேலே.

இரண்டாம் தடவை, வரைபடத்தில் சிவப்பாகக் காட்டியிருக்கும் பாதை. இது தார்ச்சாலை, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எளிது என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் வருகையாளர் நிலையத்தைத் தாண்டியதும் வரும் முதல் சரிவுதான் மொத்தப் பாதையிலும் மோசமானது. உடம்பு சூடாவதற்கு முன்னாலேயே நெஞ்சில் ஏறி உட்காரும். அங்கே யாரோடும் பேசாதீர்கள், வேகமாகப் போகிறவர்களைப் பார்க்கவும் வேண்டாம். பெரிய பெரிய முதுகுப்பையில் எடையை நிரப்பிக்கொண்டு ஏறி இறங்கும் ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் கினபாலு மாதிரி மலைகளுக்குப் பயிற்சி எடுக்கிறவர்கள். அவர்களோடு நமக்கென்ன போட்டி? வாயை மூடி மூக்கால் மூச்சு விட முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். வாய் திறந்தால் நில்லுங்கள். சரிவு தாண்டினால் சாலை மட்டமாகி மூச்சு தானே அடங்கும்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாதை பிரியும். ஒரு பக்கம் நீளமான படிக்கட்டு, இன்னொரு பக்கம் சாலை வளைந்து போகும். ஏறும்போது படி, இறங்கும்போது சாலை. இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் ஏறுவதற்குப் படி பயமாகத் தெரியும். மூட்டைக் கெடுப்பது இறக்கம்தான். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும், இரண்டு நிமிடம் நின்றால் திரும்பி வந்துவிடும். இறங்கும் படியில் ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் எடை முழுதும் முழங்காலில் விழும், அந்த வலி மறுநாள்தான் தெரியும். எனக்குத் தெரிந்தே மூன்று பேர் “மலை ஏறினேன், கால் போச்சு” என்று புலம்பினார்கள். விசாரித்தால் மூவரும் படியில் ஓடி இறங்கியவர்கள்.

மூன்றாம் தடவை முதல்தான் மண்பாதை. நீலம், பச்சை, மஞ்சள் என்று வரைபடத்தில் குறித்திருப்பவை இவை. மஞ்சள்தான் நீளம், அதற்கு அரைநாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மற்றவை குறுகியவைதான், ஆனால் வேர், கல், படி என்று கால் ஒரே மாதிரி விழாது. வேரின் மேல் மிதிக்காதீர்கள். ஈர வேர் எண்ணெய் தடவிய குழாய் மாதிரி வழுக்கும். வேருக்கும் வேருக்கும் நடுவில் மண் தெரிகிற இடத்தில் பாதத்தை முழுதாக வையுங்கள். உதிர்ந்த இலை கனமாகக் கிடக்கும் படியில் நுனியில் கால் வைக்கக் கூடாது. என் கறுப்புக் காலணிக் கதை இதுதான்: இலைக்கு அடியில் படியின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாமல் குதிகாலை வைத்தேன், மீதியைப் பின்பக்கம் பார்த்துக்கொண்டது. மேலே இருந்து ஒரு பையன் “ஓகேவா அங்கிள்?” என்று கேட்டான். வலியைவிட அந்தக் கேள்விதான் சுட்டது.

தடுமாறினால் கை தானாகப் பக்கத்துச் செடியைத் தேடும். அதைப் பழக்கத்தால்தான் அடக்க வேண்டும். இந்தக் காட்டில் பிரம்பு நிறைய. அதன் நுனி சாட்டை மாதிரி நீண்டு, பின்னோக்கி வளைந்த முள்ளோடு தொங்கும். துணியில் மாட்டினால் முன்னால் இழுக்காதீர்கள், கிழியும். ஒரு அடி பின்வாங்கி, வந்த திசையிலேயே கழற்றுங்கள். எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய ரோத்தான் இதுதான், வளர்ந்த பிறகும் விடவில்லை. கிளைகளில் முசுறு எறும்பும் இருக்கும். எப்போதாவது, பச்சை விரியன் ஒன்று இலையோடு இலையாக நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும். நான் இத்தனை வருடத்தில் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். அது நம்மைத் தேடி வராது. பார்க்காமல் கை வைத்தால்தான் வம்பு.

இப்போது குரங்கு. இங்கே இருப்பவை நீண்டவால் குரங்குகள். அவற்றின் கணக்கில் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு. அந்தச் சரசரப்புச் சத்தமே போதும். தீபாவளிக்கு அடுத்த வாரம் என் மைத்துனன் குடும்பத்தைக் கூட்டிப்போனேன். சொல்லியும் கேட்காமல் அவன் மனைவி ஒரு பையில் முறுக்கு கொண்டுவந்திருந்தார். தார்ச்சாலையின் நடுவில் ஒரு பெரிய ஆண்குரங்கு உட்கார்ந்திருந்தது. எழுந்து வந்தது, பையின் அடிப்பக்கத்தைக் கிழித்தது, முறுக்கு தரையில் கொட்டியது, குடும்பத்தோடு உட்கார்ந்து தின்றன. மொத்தம் பத்து விநாடி. அந்தப் பெண் பையை விடாமல் பிடித்திருந்தால் கடி வாங்கியிருப்பார். நல்ல வேளையாகக் கத்திவிட்டுக் கையை விட்டுவிட்டார்.

ஆகவே: சாப்பாடு இருந்தால் ஜிப்புக்குள், வெளியே எடுப்பது கீழே வந்த பிறகு. குரங்கு வழியில் உட்கார்ந்திருந்தால் நேராகக் கண்ணைப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அதன் மொழியில் இரண்டும் சண்டைக்கு அழைப்பது. அது வாயைத் திறந்து பல்லைக் காட்டினால் ‘தள்ளிப் போ’ என்று பொருள். முதுகைக் காட்டி ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள். குட்டியோடு இருக்கும் தாய்க்குப் பக்கத்தில் படம் எடுக்கப் போகாதீர்கள். பாவம் என்று ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்கக் கூடாது. வனவிலங்குச் சட்டத்தின்படி முதல் தடவை பிடிபட்டாலே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், திரும்பவும் செய்தால் 10,000 வரை. கோயிலில் குரங்குக்குப் பழம் கொடுத்துப் பழகிய நம் ஆட்களிடம் இதைச் சொல்லும்போது முகம் சுருங்கும். ஆனால் கொடுத்துப் பழக்கியதால்தான் இன்று அது முறுக்குப் பையைக் கிழிக்கிறது.

இனி நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

சின்னக் காட்டில் புதுப் புதுப் பாதையாகத் தேடிப் போனால் நான்கே வாரத்தில் தீர்ந்துவிடும். அதனால் ரோந்து போங்கள். ஒரே ஒரு குறுகிய பாதையைத் தேர்ந்தெடுத்து, அதில் ஐந்து புள்ளிகளை முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு நிமிடம், கைப்பேசியைத் தொடாமல் நில்லுங்கள். முதல் நிமிடம் கீழே பாருங்கள், இரண்டாம் நிமிடம் மேலே. அடுத்த வாரம் அதே ஐந்து புள்ளி. ரோந்துக்காரனுக்குத் தெரிந்த ஒரே வித்தை, நேற்று இருந்தது இன்று மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். குப்பை அறையில் அது சலிப்பு. காட்டில் அப்படியில்லை.

என் முதல் புள்ளி ஒரு பெரிய செராயா மரம். இந்தக் குன்றின் ராஜா அந்த மரம்தான். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க மூன்று பேர் வேண்டும். கிளையே இல்லாமல் நெடுக மேலே போய், மற்ற மரங்களுக்கெல்லாம் மேலே குடை விரித்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் குடை மட்டும் சாம்பல் பூசினாற்போல் வெளிறித் தெரியும். போன வருடம் மாமியார் திருக்கடையூரிலிருந்து வந்திருந்தார். எழுபது வயது, புடவைக்குக் கீழே என் மனைவியின் ஓட்டக் காலணி. முதல் நாள் ஹிண்டீட், மறு வாரம் தார்ச்சாலையில் பாதி வரைக்கும். என் புள்ளியில் நான் நின்றதும் அவரும் நின்றார். அடிமரத்தில் பழைய காயம் ஒன்றிலிருந்து வடிந்து இறுகிய பிசின், வெள்ளையும் மஞ்சளுமாகக் கட்டியாக இருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனார்.

“மாப்பிள்ளை, இது குங்கிலியம் மாதிரில்ல இருக்கு!”

“இல்ல அத்தை, இது செராயாங்கற மரம்.”

“மரம் என்னவோ இருக்கட்டும். நீங்க மோந்து பாருங்க.”

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவர் மூக்கு சொன்னது சரி. செராயாவும், குங்கிலியம் தரும் சால மரமும், வெள்ளைக் குங்கிலிய மரமும் எல்லாம் ஒரே குடும்பம். குங்கிலியப் புகை போட்டே அடியாரான கலய நாயனாரின் ஊர்க்காரர் வந்துதான், ஐந்து வருடமாக நான் தட்டிக்கொண்டிருந்த புள்ளி என்னவென்று எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒரு கட்டி எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார். இங்கிருந்து இலை, விதை, கல் எதையும் எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். “சரி, வாசனையைத்தானே எடுத்துட்டேன்” என்று நடந்தார்.

இந்த மரங்களின் காய்க்குச் சிறகு உண்டு. நீண்ட சிறகுகள், காய்ந்த செம்பழுப்பு நிறம். விழும்போது பம்பரம் மாதிரிச் சுழன்று மெதுவாக இறங்கும். வருடா வருடம் காய்க்காது. பல வருடம் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று ஒரு வருடம் எல்லா மரமும் சொல்லி வைத்தாற்போல் சேர்ந்து பூக்கும். தின்கிற அணில், பூச்சிகளுக்குத் தின்று தீராத அளவுக்கு ஒரே நேரத்தில் கொட்டுவதால், கொஞ்சமாவது முளைக்க மிஞ்சும் என்று விளக்கம் சொல்கிறார்கள். அப்படி ஒரு வருடம் உங்கள் கண்ணில் பட்டால், காற்றடிக்கும்போது பாதையில் நின்று அண்ணாந்து பாருங்கள்.

மேலே பார்க்கும் நிமிடத்தில் அடிமரங்களையும் மேலிருந்து கீழாக ஒருமுறை கண்ணால் தடவிப் பாருங்கள். பட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு புடைப்பு, ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருந்தால் அது கொலூகோ என்ற விலங்காக இருக்கலாம். பகலெல்லாம் மரத்தோடு ஒட்டித் தூங்கும், இரவில் கழுத்திலிருந்து வால்வரை விரியும் தோலை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும். எனக்கு முதல் ஒன்று கண்ணில் பட நான்கு மாதம் ஆனது. அதற்குப் பிறகு கண் பழகிவிட்டது. பார்த்ததும் கத்தாதீர்கள். அதுவும் என் மாதிரி இரவு வேலைக்காரன்.

காதுக்கு என்றால் துடுப்புவால் கரிச்சான். கறுப்புப் பறவை, வாலிலிருந்து இரண்டு கம்பி நீண்டு, நுனியில் துடுப்பு மாதிரி இறகு. பறக்கும்போது இரண்டு வண்டு துரத்திக்கொண்டு போவதுபோல இருக்கும். மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இதே பறவை உண்டு. மற்ற பறவைகளின் குரலை அப்படியே பேசும். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் கேட்கலாம், அதற்குப் பிறகு மனிதர்கள் பேச்சுதான் கேட்கும்.

பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று பலகையில் போட்டிருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையாளர் 1854இல் இந்தக் குன்றுப் பக்கம் தங்கி, இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அப்போது இங்கே புலி இருந்தது. பிடிப்பதற்குப் பள்ளம் தோண்டி, குச்சியும் இலையும் போட்டு மூடி வைத்திருப்பார்கள். அடியில் கூர்மையான கழி ஒன்றும் நட்டிருப்பார்களாம். வழிப்போக்கர் ஒருவர் விழுந்து செத்த பிறகு அந்தக் கழியைத் தடை செய்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். இன்று புலியும் இல்லை, பள்ளமும் இல்லை. இப்போது ஆபத்து நம் காலால்தான். மனிதர்கள் மிதித்து மிதித்து மண் இறுகி, மழையில் அரித்து, வேர்கள் வெளியே வந்துவிட்டதால்தான் 2014 செப்டம்பரில் சீரமைப்பு வேலையைத் தொடங்கினார்கள். முழுதாகத் திறக்க 2016 அக்டோபர் ஆனது. குறுக்குவழி என்று நீங்கள் வைக்கும் ஓரடியில் இரண்டு அங்குலக் கன்று ஒன்று போய்விடும். 1986இல்தான் விஞ்ஞானிகள் பெயர் வைத்த ஒரு சின்ன நன்னீர் நண்டு இந்த வட்டாரத்து ஓடைகளில் இருக்கிறது, சிங்கப்பூரைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஓடையில் கால் நனைக்க ஆசைப்படுகிறவர்கள் வீட்டில் வாளியில் நனைத்துக்கொள்ளலாம்.

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏறுவதற்கு முன் வானிலைச் செயலியில் மழைப்படத்தைப் பாருங்கள். மேற்கிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டை நகர்ந்து வந்தால் அது சுமத்ராப் புயல்காற்று. விடியற்காலையில் வரும், மரத்தைச் சாய்க்கிற காற்றோடு வரும். அன்று நேராக வீட்டுக்குப் போய்விடுவேன். பிற்பகல் இடிமழை வேறு மாதிரி: திடீரென்று இருட்டும், சிள்வண்டுகள் கத்தத் தொடங்கும். முதல் இடி கேட்டதும் திரும்பிவிடுங்கள், உச்சிக்கு இருநூறு மீட்டர்தான் பாக்கி என்றாலும். பெரிய மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மழை நின்ற பிறகும் அரைமணி நேரத்துக்கு மேலிருந்து கிளை விழலாம், ஊறிய கிளைகள் அப்போதுதான் ஒடியும்.

இறங்கி வந்தால் பியூட்டி வேர்ல்ட் பக்கம் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எனக்குப் பாலும் சர்க்கரையும் போடாத தேநீர், இங்கே தே ஓ கோசோங் என்பார்கள், அதோடு ஒரு முட்டை பரோட்டா. டாக்டரம்மாவுக்கு பரோட்டா பற்றித் தெரியாது. வீட்டு வாசலில் காலணியைக் கழற்றித் தட்டி, கால்சட்டையில் ஒட்டிய பிரம்பு முள் இருக்கிறதா பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். மனைவி கதவைத் திறக்கும்போதே கேட்பாள், “இன்னைக்கு எந்தப் புள்ளியில என்ன?”

போன மாதம் என் ஐந்தாவது புள்ளியில் ஒரு பெரிய மரம் சாய்ந்துவிட்டது. பாதையை அடைத்த பாகத்தை மட்டும் அறுத்து ஒதுக்கிவிட்டு, மீதியை அப்படியே விட்டிருக்கிறார்கள். எப்போதும் இருட்டாக இருந்த அந்த இடத்தில் இப்போது ஒரு மேசை அளவுக்கு வெயில் விழுகிறது. அங்கே சிறகு ஒட்டிய ஒரு காய் பிளந்து இரண்டு இலை விட்டிருக்கிறது. வரும் வியாழன் எனக்கு ஓய்வு நாள், மூன்றாவது இலை வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.